ஏழு வயதில் பல் கிளிப்: எந்தக் குழந்தைக்கு இப்போது, எந்தக் குழந்தைக்கு அப்புறம்

பள்ளியில் பல் பரிசோதனை முகாம் நடந்த அன்று சாயங்காலம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வரும். 'பல் வரிசை சரியில்லை, நிபுணரைப் பார்க்கவும்' என்ற இடத்தில் டிக் அடித்திருப்பார்கள். அண்ணா நகரில் ஒரு கிளினிக்கில் காட்டினால், "இப்பவே ஆரம்பிச்சிடலாம், தாடை வளர்ற வயசு" என்பார்கள். அந்தத் தொகையைக் கேட்டு மலைத்துப்போய்த் தாம்பரத்தில் இன்னொருவரிடம் போனால், "பால் பல்லே இன்னும் விழலை, பன்னிரண்டு வயசுல கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். வீட்டில் பாட்டியோ, தெத்துப்பல் அதிர்ஷ்டம், அதைப் போய்க் கெடுப்பார்களா என்பார்.

இதில் யாரோ ஒருவர் நம்மை ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி இருக்க வேண்டியதில்லை. 'பல் வரிசை சரியில்லை' என்ற ஒரே வரிக்குள் ஏழெட்டு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை எட்டு வயதில் சரிசெய்தால் வேலை சுலபம், விட்டால் கடினம். சிலவற்றை எட்டு வயதில் தொட்டாலும் பதிமூன்றில் தொட்டாலும் முடிவு ஒன்றுதான், காசும் காலமும்தான் கூடுதலாகப் போகும். இன்னும் சில கோளாறே இல்லை, அந்த வயதின் சாதாரணத் தோற்றம். உங்கள் குழந்தைக்கு இருப்பது எது என்று தெரியாமல் 'இப்பவா, அப்புறமா' என்று மட்டும் கேட்டால் பதில் குழப்பமாகத்தான் வரும்.

முதலில், வாய்க்குள் என்ன நடக்கிறது

குழந்தைக்கு ஆறு மாத வாக்கில் முதல் பால் பல் வந்து, மூன்று வயதுக்குள் மேலே பத்து, கீழே பத்து என்று இருபதும் வந்துவிடும். அப்புறம் ஆறு வயதுவரை வெளியே எதுவும் தெரியாது. ஆறு வயதையொட்டி இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கீழ் முன்பல் ஆடத் தொடங்குவது எல்லோருக்கும் தெரியும். அதே சமயம் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு பெரிய கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். இதுதான் நிலைப் பற்களில், அதாவது ஆயுசுக்கும் நிற்க வேண்டிய பற்களில், முதல் கடைவாய். எதுவும் விழாமல் வந்ததால் இதையும் பால் பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்குமே" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது விழுந்தால் மறுபடி முளைக்காது.

ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் மேல் முன்பற்கள் நான்கும் மாறும். பிறகு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஓய்வு. பத்து முதல் பன்னிரண்டுக்குள் கோரைப்பற்களும், பால் கடைவாய்ப்பற்கள் இருந்த இடத்தில் முன்கடைவாய்ப்பற்களும் வரும். பன்னிரண்டு வாக்கில் இரண்டாவது கடைவாய். பால் பல்லும் நிலைப் பல்லும் கலந்து கிடக்கும் இந்த ஆறு வருடத்தைத்தான் கலப்புப் பல் பருவம் என்கிறார்கள். சிறுவயதுக் கிளிப் சண்டை முழுக்க இந்த ஆறு வருடத்தைப் பற்றியதுதான்.

தாடை விஷயம் வேறு. மேல்தாடை பிறக்கும்போது ஒரே எலும்பு இல்லை. இடது பாதியும் வலது பாதியும் அண்ணத்தின் நடுவில் ஒரு தையல் போட்டதுபோல் சேர்ந்திருக்கும். சிறுவயதில் அந்தத் தையல் தளர்வு, மெதுவாக அழுத்தம் கொடுத்தால் விலகும், விலகிய இடத்தில் புது எலும்பு நிரம்பும். வயதுக்கு வரும் பருவம் தாண்டத் தாண்ட இரண்டு பக்கமும் பல்சக்கரம் போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகிவிடும். கீழ்த்தாடைக்கு இந்தக் கதை பொருந்தாது. அது பெரும்பாலும் காதுக்கு முன்னால் உள்ள மூட்டுப் பக்கம் வளர்கிறது, அதன் வேகமான வளர்ச்சி உடம்பு சரசரவென்று உயரும் பருவத்தில்தான் வரும். பெண் பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது, பையன்களுக்கு அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளி.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மேல்தாடையைத் தொடும் வேலைகளுக்குச் சீக்கிரம் போவது லாபம். கீழ்த்தாடையின் வளர்ச்சியைப் பிடித்து வேலை வாங்க வேண்டுமென்றால், அது வளரும்வரை காத்திருக்க வேண்டும்.

டாக்டர் சொல்லும் சில வார்த்தைகள்

முதல் கட்டம், இரண்டாம் கட்டம்: கலப்புப் பல் பருவத்தில் செய்வது முதல் கட்டம். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். எல்லா நிலைப் பல்லும் வந்தபின் முழுக் கிளிப் போடுவது இரண்டாம் கட்டம், ஒன்றிரண்டு வருடம். முதல் கட்டம் செய்துவிட்டால் இரண்டாவது தேவைப்படாது என்று யாராவது அடித்துச் சொன்னால் அங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படும்.

குறுக்குக் கடி: சாதாரணமாக மேல் பல்வரிசை, பெட்டிக்கு மூடி போல, கீழ் வரிசைக்கு வெளியே உட்கார வேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் மேல் பல் உள்ளே போய், கீழ்ப் பல் வெளியே வந்தால் அது குறுக்குக் கடி.

எத்துப்பல்: மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் முன்பின்னாக இருக்கும் தூரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் சரி. அதைவிட அதிகமாக நீட்டிக்கொண்டிருப்பது எத்துப்பல். தெத்துப்பல் வேறு, அது இடமில்லாமல் வரிசைக்கு மேலே ஏறி நிற்கும் பல். இரண்டையும் ஒன்றாகப் பேசி டாக்டரையும் குழப்புகிறோம்.

ஓபிஜி: தலையைச் சுற்றி மிஷின் வலம் வந்து எடுக்கும் எக்ஸ்ரே. ஈறுக்குள் இருக்கும் பல் முழுக்க ஒரே படத்தில் தெரியும். கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: இயற்கையாகச் சுற்றுப்புறத்திலிருந்து சில நாட்களில் நம் உடம்பில் விழும் அளவுக்குள்தான் ஒரு ஓபிஜி அடங்கும்.

ஏழு வயது என்ற எண் எங்கிருந்து வந்தது

அமெரிக்க ஆர்த்தோடான்டிக்ஸ் (பல்வரிசைச் சீரமைப்பு) சங்கம், குழந்தையின் முதல் பல்வரிசைப் பரிசோதனை ஏழு வயதுக்குள் நடந்துவிட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சென்னையில் ஃப்ளெக்ஸ் போர்டிலும் இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலும் பார்க்கும் 'ஏழு வயது' இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தச் சங்கம் சொல்வது பார்ப்பதற்கான வயது. சிகிச்சை தொடங்குவதற்கான வயது என்று அது சொல்லவில்லை, பார்க்கப்படும் குழந்தைகளில் பலருக்கு அப்போது எதுவும் தேவைப்படாது என்றும் சேர்த்தே சொல்கிறது. போர்டில் எழுதும்போது பின்பாதிக்கு மட்டும் இடம் போதாமல் போய்விடுகிறது!

ஏன் ஏழு? முதல் கடைவாயும் சில முன்பற்களும் வந்திருக்கும், பின்பக்கக் கடியும் முன்பக்கக் கடியும் எப்படிச் சேர்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஐந்து வயதில் பார்த்தால் பார்க்க ஒன்றுமில்லை. பத்தில் பார்த்தால் சில காரியங்களுக்குத் தாமதம்.

தள்ளிப்போடக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால், "பன்னிரண்டில் பார்க்கலாம்" என்ற பதிலை அப்படியே ஏற்காதீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

1. பக்கவாட்டில் குறுக்குக் கடி. மேல்தாடை குறுகலாக இருக்கும் குழந்தை வாயை மூடும்போது பற்கள் நேராகப் பொருந்தாமல் முட்டிக்கொள்ளும். முட்டுவதைத் தவிர்க்கக் குழந்தை தானாகவே கீழ்த்தாடையை ஒரு பக்கமாக நகர்த்திக் கடிக்கப் பழகிவிடும். வாய் திறந்திருக்கும்போது நேராக இருக்கும் முகவாய், கடிக்கும்போது இடமோ வலமோ நகர்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வளரும் வருடங்களில் தாடை அப்படியே கோணலாகக் கடித்துக்கொண்டிருந்தால் வளர்ச்சியும் கோணலாகப் போக வாய்ப்புண்டு. இதற்குத்தான் தாடை விரிப்பான் என்ற கருவி. அண்ணத்தில் ஒட்டியிருக்கும், நடுவில் ஒரு திருகு, அதற்கு ஒரு சின்னச் சாவி. அப்பாவோ அம்மாவோ டாக்டர் சொன்ன கணக்குப்படி திருக வேண்டும். ஒரு திருப்பலுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். சில நாளில் முன்பல் நடுவே இடைவெளி விழும், அதைப் பார்த்துப் பதறிப் போன் செய்யாத பெற்றோர் குறைவு. தையல் விலகுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பிறகு தானாகச் சேரும். விரித்து முடித்தபின் எலும்பு நிரம்புவதற்காகக் கருவியை இன்னும் சில மாதம் வாயிலேயே விட்டுவைப்பார்கள். இதே வேலையைப் பதினெட்டு வயதில் செய்யப் போனால் எலும்பில் ஸ்க்ரூ பொருத்தியோ அறுவை சிகிச்சை செய்தோதான் பலருக்கு முடியும்.

2. முன்பல் ஒன்று மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. மேல் முன்பல் ஒன்று கீழ்ப் பல்லுக்குப் பின்னால் சிக்கினால், ஒவ்வொரு கடியிலும் அது எதிர்ப் பல்லை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட கீழ்ப் பல்லின் ஈறு கீழே இறங்கும், பல்லின் விளிம்பும் தேயும். பெரும்பாலும் ஒரு சின்ன பிளேட்டோ நாலைந்து பல்லில் மட்டும் ஒட்டும் கம்பியோ போதும், சில மாத வேலை.

3. கீழ்த்தாடை முன்னே நிற்பது. முன்பற்கள் எல்லாமே தலைகீழாகக் கடிக்கும். தாத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதே முகவெட்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம், சீக்கிரம் காட்டுங்கள். பல குழந்தைகளுக்கு இதில் கீழ்த்தாடை பெரிசு என்பதோடு மேல்தாடை பின்தங்கியதும் சேர்ந்திருக்கும். நெற்றியிலும் முகவாயிலும் தாங்கிக்கொள்ளும் ஒரு முகக்கருவியை ரப்பர் பேண்டால் மேல் பற்களோடு மாட்டி, மேல்தாடையை முன்னே இழுப்பார்கள். தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டும், அதனால் சாயங்காலமும் ராத்திரியும்தான் சௌகரியம். பத்து வயதுக்குள் நன்றாகக் கேட்கும். பிரிட்டனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், பத்து வயதுக்கு முன் இதைப் போட்ட குழந்தைகளை ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. போடாதவர்களில் அது மூன்றில் இரண்டு பங்கு. அந்த மூன்றில் ஒரு பங்கையும் கவனிக்க வேண்டும்: எல்லாம் செய்தும் பருவ வயதில் கீழ்த்தாடை மறுபடி ஓடிவிடுவது சிலருக்கு உண்டு. இதை ஆரம்பத்திலேயே சொல்லும் டாக்டரை நம்பலாம்.

4. பால் கடைவாய்ப் பல்லை முன்கூட்டியே பிடுங்கியிருந்தால். நம் ஊரில் அதிகம் நடப்பதும் அதிகம் கண்டுகொள்ளப்படாததும் இதுதான். கடைசிப் பால் கடைவாய் பத்துப் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியது. ஆறு வயதில் சொத்தை என்று பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், பின்னாலிருக்கும் நிலைப் பல் காலியிடத்தைப் பார்த்து முன்னே சாயும். மாம்பலம் ரயிலில் எழுந்த சீட்டு மாதிரி, நிமிஷத்தில் ஆள் உட்கார்ந்தாயிற்று. கீழிருந்து வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் அது எங்கோ முளைக்கும், அல்லது முளைக்கவே முளைக்காது. பக்கத்துப் பல்லில் ஒரு வளையமும் காலியிடத்தில் ஒரு கம்பியுமாக 'ஸ்பேஸ் மெயின்டெய்னர்' என்று ஒன்று போட்டால் இடம் காப்பாற்றப்படும். பின்னாளில் போடும் முழுக் கிளிப்போடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. பல்லைப் பிடுங்கிய அன்றே இதைப் பற்றிக் கேளுங்கள். பிடுங்காமல் ரூட் கெனால் போலச் செய்து கேப் போட்டுக் காப்பாற்ற முடிந்தால் இன்னும் நல்லது, பால் பல்லைவிடச் சிறந்த ஸ்பேஸ் மெயின்டெய்னர் கிடையாது.

5. ஒரு பக்கம் முளைத்து, மறுபக்கம் முளைக்காதது. வலது முன்பல் வந்து ஆறு மாதமாகியும் இடது வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உள்ளே உபரியாக ஒரு குட்டிப் பல் வழிமறித்து நிற்கலாம்.

6. மேல் கோரைப்பல் வழி தவறுவது. இந்தப் பல் ஈறுக்குள் நெடுந்தூரம் பயணம் செய்து பதினொன்று பன்னிரண்டு வயதில் வெளியே வரும். பத்து வயதிலேயே, உதட்டுப் பக்க ஈறில் விரலை வைத்துத் தடவினால் ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் அண்ணத்துப் பக்கம் திரும்பியிருக்கலாம். 1988-ல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், இப்படித் திரும்பிய கோரைப்பற்களின் இடத்திலிருந்த பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள், நூற்றுக்கு 78 பற்கள் தாமாகவே சரியான வழிக்கு வந்தன. கம்பியே இல்லாமல், ஒரு பால் பல்லைப் பிடுங்கியதோடு. சிறுவயதுச் சிகிச்சை என்றால் எப்போதும் கிளிப் என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

7. விரல் சூப்புவது. பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதுக்குள் விட்டுவிடுவார்கள். நிலை முன்பல் வரும் ஆறு ஏழு வயதிலும் தொடர்ந்தால் மேல் பல் வெளியே தள்ளும், மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் சேராமல் திறந்தே நிற்கும், அண்ணமும் குறுகும். வேப்பெண்ணெய் தடவுவது நம் வீடுகளின் பழைய வைத்தியம், சில குழந்தைகளிடம் பலிக்கும், சிலர் அந்தக் கசப்பையும் பழகிக்கொள்வார்கள். திட்டினால் பழக்கம் அதிகமாகத்தான் செய்யும். நிலைப் பல் வருவதற்குள் பழக்கம் நின்றால் கடி பெரும்பாலும் தானே சேர்ந்துவிடும் என்பதால், முதல் சிகிச்சை பழக்கத்தை நிறுத்துவது, கம்பி அதற்கப்புறம்.

காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகாதவை

முதலில், பெற்றோரை அதிகம் பயமுறுத்தும் தோற்றம்: எட்டு ஒன்பது வயதில் மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து, பக்கத்துப் பற்கள் விசிறி போல வெளியே விரிந்து நிற்கும். மேலே ஈறுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் இவற்றின் வேரை அழுத்துவதால் வரும் விளைவு இது. கோரைப்பல் இறங்கி முடித்ததும் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சந்து மூடிவிடும். அமெரிக்க ஆய்வாளர் பிராட்பென்ட் 1937-லேயே இதற்கு 'அழகில்லாத வாத்துக்குஞ்சுப் பருவம்' என்று பேர் வைத்துவிட்டார். இந்த நேரத்தில் அந்தப் பற்களை வேகமாக நிமிர்த்தப் போனால் வேர் கோரைப்பல்லில் போய் முட்டும் ஆபத்துகூட உண்டு. சந்து ரொம்பப் பெரிதாக இருந்தால் மட்டும், நடுவில் உபரிப் பல் உள்ளதா என்று ஒரு எக்ஸ்ரே.

கீழ் முன்பல், பால் பல் விழுவதற்கு முன்பே அதன் பின்னால் முளைத்து இரட்டை வரிசையாக நிற்பதும் இதே ரகம். ஆடும் பால் பல் விழுந்ததும், அல்லது எடுத்ததும், நாக்கு தள்ளித் தள்ளியே பின்பல்லை முன்னே கொண்டுவந்துவிடும்.

கீழ் முன்பற்களில் கொஞ்சம் நெரிசல், அதாவது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது, எட்டு வயதில் சகஜம். பால் கடைவாய்ப்பற்கள், அவற்றின் இடத்தில் வரப்போகும் நிலைப் பற்களைவிட அகலமானவை. அவை விழும்போது கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடம் மிச்சமாகும். அந்த இடம் வீணாகாமல் பிடித்துவைக்க, நெரிசல் சற்றுக் கூடுதலாக இருந்தால், நாக்குப் பக்கமாக ஒரு வளைந்த கம்பியைப் பத்து வயது வாக்கில் போடலாம். வெறும் நெரிசலுக்காக, குறுக்குக் கடியே இல்லாத தாடையை ஏழு வயதில் விரிப்பது வேறு கதை. அதனால் நிலையான லாபம் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் குறைவு.

அடுத்தது எத்துப்பல். இதில்தான் உலக அளவில் சண்டை நடந்து ஒருவாறு ஓய்ந்திருக்கிறது. கீழ்த்தாடை பின்தங்கியதால் மேல் பல் நீட்டிக்கொண்டிருக்கும் குழந்தைகளை அமெரிக்காவில் வட கரோலினாவிலும் ஃப்ளோரிடாவிலும், அப்புறம் பிரிட்டனிலும் இரண்டு குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எட்டு ஒன்பது வயதிலேயே முதல் கட்டம், பிறகு பருவ வயதில் இரண்டாம் கட்டம். இன்னொரு குழுவுக்குப் பருவ வயதில் ஒரே கட்டம். முதல் கட்டம் முடிந்த கையோடு பார்த்தால் சீக்கிரம் தொடங்கியவர்கள் முன்னே இருந்தார்கள். எல்லாம் முடிந்தபின் பார்த்தால் தாடையிலும் கடியிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2018-ல் புதுப்பித்து வெளியிட்ட அறிக்கையும் அதையே சொன்னது, ஒரே ஒரு விதிவிலக்கோடு: சீக்கிரம் செய்தவர்களுக்கு முன்பல் அடிபடுவது குறைவு.

அந்த விதிவிலக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டியிருக்கும் பல் அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. எட்டு வயதில் உடைந்த முன்பல் ஆயுசுக்கும் செலவு வைக்கும். அதனால் முடிவு இப்படித்தான் போக வேண்டும்: நீட்டல் குறைவு, உதடு மூடுகிறது, பிள்ளை அமைதி என்றால் காத்திருக்கலாம். நீட்டல் அதிகம், உதடு மூடவே மாட்டேன் என்கிறது, பையனோ பெண்ணோ ஸ்கேட்டிங், தெருக் கிரிக்கெட் என்று விழுந்து எழுந்துகொண்டே இருக்கிறது என்றால் முதல் கட்டத்துக்கு நியாயம் இருக்கிறது. பள்ளியில் 'பல்லி, எலி' என்று கிண்டல் செய்து குழந்தை போட்டோவுக்கே வாயைத் திறக்க மறுக்கிறதா, அதுவும் ஒரு காரணம்தான், அதை அழகு ஆசை என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

சீக்கிரம் செய்வதற்கு ஒரு விலை உண்டு

'எப்படியும் செய்யப்போகிறோம், இப்பவே செய்தால் என்ன' என்று கேட்பவர்களுக்காக இது.

1. இரண்டு கட்டம் என்றால் மொத்தக் காலமும் மொத்தச் செலவும் பெரும்பாலும் கூடும். வழக்கமான மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை கிளிப்புக்குப் பணம் தராது, எல்லாம் கையிலிருந்துதான்.

2. கழற்றி மாட்டும் கருவி குழந்தையின் ஒத்துழைப்பை நம்பியது. மதியம் சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைத்து, அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.

3. ஒட்டிய கம்பியைச் சுற்றிச் சுத்தம் செய்ய ஏழு வயதுக் கைக்குத் தெரியாது. கடலை மிட்டாயும் தேன்மிட்டாயும் ஒட்டிக்கொண்டால், கம்பி கழற்றும்போது பல்லில் வெள்ளைத் தழும்பு நிற்கும், அது சொத்தையின் ஆரம்பம். ராத்திரி நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும்.

4. சலிப்பு. எட்டு வயதில் தொடங்கிய பிள்ளைக்குப் பதிமூன்று வயதில், உண்மையிலேயே தேவைப்படும் கட்டத்தில், இந்த நாற்காலியே வெறுத்துப்போயிருக்கும்.

விளம்பரத்தில் வரும் சில வாக்குறுதிகள்

சிலிக்கோன் ட்ரெய்னர் என்று மிருதுவான கருவிகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. ராத்திரியும் பகலில் ஒரு மணி நேரமும் கடித்துக்கொண்டிருந்தால் தாடை தானாக வளரும், கம்பியே வேண்டாம் என்று விற்கிறார்கள். சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் மாற்றம் தெரியலாம், ஆனால் கிளிப்புக்கு மாற்று என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை.

தாடையை விரித்தால் குறட்டை நிற்கும், படிப்பில் கவனம் வரும் என்பது இன்னொன்று. வாயைத் திறந்தபடி தூங்கி, குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வரும் குழந்தையை முதலில் பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். அந்த வயதில் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ தொண்டையில் இருக்கும் டான்சிலோ வீங்கியிருப்பதுதான் முக்கியமான காரணம். மேல்தாடை நிஜமாகவே குறுகலாக இருக்கும் சில குழந்தைகளுக்கு விரிப்பதும் மூச்சுக்கு உதவலாம். குறுகலே இல்லாத தாடையை, எதற்கும் இருக்கட்டும் என்று விரிப்பதற்கு நியாயம் கிடையாது.

பல்மேல் உறை போல மாட்டும் நிறமில்லாத அலைனர் குழந்தைகளுக்கும் வந்துவிட்டது. இன்விசலைன் தயாரிக்கும் நிறுவனம் 2018-ல் கலப்புப் பல் பருவத்துக்கென்றே ஒன்றைக் கொண்டுவந்தது. பார்க்க நன்றாக இருக்கிறது, சாப்பிடும்போது கழற்றலாம். ஆனால் கம்பியா அலைனரா என்பது இரண்டாவது கேள்வி. இப்போது எதுவும் தேவையா என்பதுதான் முதல் கேள்வி, அதை அலைனர் மாற்றாது.

டாக்டரிடம் என்ன கேட்பது, சென்னையில் எங்கே போவது

நான்கு கேள்விகள் போதும். குழந்தைக்கு இருக்கும் கோளாறின் பெயர் என்ன? இரண்டு வருடம் காத்திருந்தால் எது கெட்டுப்போகும்? முதல் கட்டம் எப்போது முடிந்தது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? இரண்டாம் கட்டம் தேவைப்பட்டால் அந்தச் செலவு இதில் சேர்ந்ததா, தனியா? இரண்டாவது கேள்விக்கு "முகம் மாறிடும்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. "தாடை ஒரு பக்கம் நகர்ந்து கடிக்குது, விட்டா கோணலா வளரும்" என்பது போலக் குறிப்பாக வர வேண்டும்.

பார்ப்பவர் எம்.டி.எஸ் முடித்த ஆர்த்தோடான்டிஸ்டா என்று தயங்காமல் கேட்கலாம். பி.டி.எஸ் ஐந்து வருடத்துக்கு மேல், பல்வரிசைக்கென்று இன்னும் மூன்று வருடம் படித்தவர் அவர். பால் பல் சொத்தை, ஸ்பேஸ் மெயின்டெய்னர், விரல் சூப்புதல் இவற்றுக்குக் குழந்தைப் பல் மருத்துவர் போதும்.

காசு யோசனை என்றால், முத்துசாமி பாலம் பக்கம், கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953-லிருந்து நடக்கும் கல்லூரி. ஆர்த்தோடான்டிக்ஸ், குழந்தைப் பல் மருத்துவம் என்ற இரண்டு பிரிவும் அங்கே உண்டு. போரூர், மதுரவாயல், வேலப்பன்சாவடி பக்கம் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், கிளினிக்கைவிடக் குறைவாகவே ஆகும். ஒரே ஒரு கஷ்டம் நேரம். காலை நேரத்து ஓபியில் காத்திருக்க வேண்டும், மாதா மாதம் பள்ளிக்கு அரை நாள் லீவு போட வேண்டும், மாணவர் படிப்பு முடித்துப் போனால் பாதியில் வேறொருவர் கைக்கு மாறும். ஒருவரிடம் சந்தேகம் இருந்தால் இன்னொருவரிடம் காட்ட இது நல்ல இடம், மாதத் தவணை விற்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை.

எங்கே போனாலும் எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த இடத்தில் திரும்ப எடுக்க வேண்டாம். ஆனால் ஒரு வருடத்துக்கு முந்தைய படத்தைக் காட்டிவிட்டு "இது போதாதா டாக்டர்" என்று கேட்காதீர்கள். இந்த வயதில் அதற்குள் வாயில் நாலு பல் மாறியிருக்கும்.